பம்பரம் படுத்த நாட்கள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. பம்பரம் என்றால்தான் தெரியும். வயதில் இளையவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்துப் பம்பரக்கா என்பார்கள். நாற்பத்தாறு வயது, குச்சி உடம்பு, நடையில் பாதி ஓட்டம். அங்கே துவைக்கும் இயந்திரங்கள் மூன்று. ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதைக் காலி செய்து, மூன்றாவதில் அழுக்கை அடைத்து மூடிவிடுவாள். ஈரப் படுக்கை விரிப்புகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வெளியே வரும். அந்த முறுக்கைப் பிரிக்காமலே ஒரே தூக்கில் தள்ளுவண்டியில் போடுவது அவளுடைய வித்தை. டீ நேரத்தில் மற்றவர்கள் பெஞ்சில் உட்காருவார்கள். இவள் டம்ளரும் கையுமாக நின்றபடியே, உலர்த்தும் இயந்திரத்தின் வலையில் சிக்கிய பஞ்சைப் பிடுங்கிக்கொண்டிருப்பாள். உட்காருங்களேன் என்று யாராவது சொன்னால், உட்கார்ந்தால் டீ ஆறிப்போகும் என்பாள்.

பதினெட்டு வருஷம் ஈர மூட்டை தூக்கிய அந்த முதுகு, கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பிடம் தோற்றது.

வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பால்கனிக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்து ஒரு கிளிப் நழுவி விழுந்தது. குனிந்தாள். இடுப்பின் இடப்பக்கத்தில் யாரோ கதவைச் சாத்தியது போல இருந்தது. நிமிர முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்து மெதுவாக முழங்காலுக்கு இறங்கி, அங்கிருந்து கைகளை ஊன்றி, நாலு காலில் கூடம் வரைக்கும் தவழ்ந்து வந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் வீட்டுக்காரர் ஆறு மணிக்கே போய்விட்டிருந்தார். குளித்துவிட்டு வந்த கல்லூரி மகள், அம்மா எதையோ தேடுகிறாள் என்று நினைத்து என்ன தொலைந்தது என்று கேட்டாள்.

"மணி என்னடி?" என்றாள் பம்பரம், தரையைப் பார்த்தபடி. "ஷிஃப்ட்டுக்கு நேரமாகுது. என்னைத் தூக்கி நிறுத்து, போதும். அப்புறம் நானே போயிடுவேன்."

தூக்கி நிறுத்தினாள் மகள். அரை நிமிஷம் நின்றாள் அம்மா. பிறகு அலறாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தரைக்கே வந்துவிட்டாள்.

தெருமுனை மருத்துவர் அன்று மத்தியானம் நிறையக் கேள்வி கேட்டார். கால் மரத்துப் போகிறதா, பாதத்தில் வலு இருக்கிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா, காய்ச்சல் உண்டா. காலைத் தூக்கச் சொன்னார், பெருவிரலை அழுத்தினார், சுத்தியலால் முட்டியைத் தட்டினார். பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை, படம் எடுக்கவும் இப்போது அவசியம் இல்லை, ஆனால் மரத்துப்போவதோ சிறுநீர்ச் சிக்கலோ வந்தால் உடனே வரவேண்டும் என்றார். மாத்திரை எழுதினார். ஒன்றிரண்டு நாள் படுக்கலாம், அதற்குமேல் படுத்தே கிடக்கக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக நடமாட வேண்டும், மறுபடி மூட்டை தூக்க ஆறு வாரம்கூட ஆகலாம் என்றார். இத்தனையில் அவள் காதில் விழுந்தது ஆறு வாரம் என்ற ஒன்றுதான்.

படுத்தவளுக்கு வீடே வேறு மாதிரி ஆகிவிட்டது. மின்விசிறியின் மூன்று இறக்கைகளில் ஒன்றில் மட்டும் தூசி கூடுதலாக இருந்தது. அதை இரண்டு நாளும் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அடுக்களையில் மகள் எதையோ வதக்கும் சத்தம் கேட்டால், தீ அதிகம் என்று இங்கிருந்து குரல் கொடுப்பாள். குழாய் சொட்டுகிறது என்பாள். பால்கனிக் கதவு அடித்துக்கொள்கிறது என்பாள். வாளியை ஏன் அங்கே வைத்தாய் என்பாள். வாளி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே எப்படித் தெரிகிறது என்று மகள் கேட்டதற்கு, வைத்த சத்தத்திலேயே தெரியும் என்றாள். கால் இரண்டும் போர்வைக்குள் தாமாக ஆடிக்கொண்டே இருந்தன. ஓடுகிற இயந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்தினாலும் உள்ளே உருளை கொஞ்ச நேரம் சுற்றுமே, அந்த மாதிரி.

வைத்தியம் சொல்லவும் ஆள் பஞ்சமில்லை. தங்கை போன் செய்து, வெறுந்தரையில்தான் படுக்க வேண்டும் என்றாள். மாடிவீட்டுக்காரி வந்து, தரையே ஆகாது, இரண்டு மெத்தை வேண்டும் என்றாள். கொழுந்தனார் ஒரு படி மேலே போய், கனமான ஆள் யாராவது முதுகில் ஏறி மிதித்தால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்று சொல்லி, வேண்டுமானால் தானே வருவதாகவும் சொன்னார். அவர் எடை தெரிந்த வீட்டுக்காரர் அவசரமாக வேண்டாம் என்றுவிட்டார்.

மூன்றாம் நாள், மருத்துவர் அனுப்பிய பிசியோதெரபிப் பெண் வந்தாள். எண்ணெய் புட்டியோடு வருவாள் என்று பம்பரம் நினைத்திருந்தாள். அவள் ஒரு தாளோடு வந்தாள். அதில் நாலு படம். மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மார்புக்கு இழுப்பது, இரண்டு முழங்காலையும் மடித்து இப்படியும் அப்படியும் சாய்ப்பது, இடுப்பை மட்டும் மெல்லத் தூக்குவது, நாலு காலில் நின்று முதுகை வளைத்து நிமிர்த்துவது. கட்டிலிலிருந்து எழும்போது நேராக எழக்கூடாது, பக்கவாட்டில் உருண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். நாற்காலியில் கெண்டைக்காலை வைத்துத் தரையில் படுத்தால் வலி இறங்கும். வெந்நீர்ப் பை வைக்கலாம். ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஐந்து நிமிஷம் நடக்கலாம்.

"அஞ்சு நிமிஷமா?" என்றாள் பம்பரம். "அதுல நான் எங்கேம்மா போறது?"

"எங்கேயும் போக வேண்டாம்கா. போயிட்டு வந்தா போதும்" என்றாள் அந்தப் பெண்.

ஐந்தாம் நாள் காலையில் கண்விழித்தபோது வலி பாதியாகக் குறைந்திருந்தது. மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர் வேனோடு போய்விட்டார். வீட்டில் அவளும் அந்த மின்விசிறியும் மட்டும். முதலில் ஐந்து நிமிஷம் நடந்தாள். வலிக்கவில்லை. பத்து நடந்தாள். அதுவும் வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்றால் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம் என்று தனக்குத்தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டு, பரணில் இருந்த பழைய பாத்திரங்களை இறக்கித் துடைத்தாள். கூடத்தைத் துடைத்தாள். ஊறவைத்த மூன்று போர்வைகளை அலசிப் பிழிந்தாள். கடைசியில் நாற்காலியைப் போட்டு ஏறி, அந்த இறக்கைத் தூசியையும் துடைத்தாள். இறங்கும்போது ஒன்றும் இல்லை. நாலு மணிக்கு மகள் வந்து பார்த்தபோது அம்மா சமையல் மேடையில் முழங்கையை ஊன்றி, பாதி குனிந்தபடி அசையாமல் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாய் என்று கேட்டதற்கு, "பால் பொங்கினதிலேருந்து" என்றாள்.

இந்தத் தடவை வலி முதல் தடவையைவிட மோசம். முன்பு இடுப்போடு நின்றது, இப்போது தொடை வரைக்கும் இறங்கியது. அதைவிட மோசம், பயம் வந்ததுதான். முதல் தடவை விழுந்தபோது கோபம்தான் இருந்தது. இப்போது, இனிமேல் இப்படித்தானா என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. சலவைக்கூடத்துத் தோழி போனில் விசாரித்தாள். ஆறுதலாகத்தான் பேசினாள். பேச்சுவாக்கில், ஒப்பந்தத்தில் ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள், நல்ல சுறுசுறுப்பு, இரண்டாம் இயந்திரத்தை அவளே பார்த்துக்கொள்கிறாள், நீ கவலைப்படாதே என்றாள். போனை வைத்த பிறகு பம்பரத்துக்குக் கவலையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். கெண்டைக்கால் நாற்காலிமேல், தலை கட்டில் பக்கம். எதையாவது பார்க்க வேண்டுமே என்று தலையைத் திருப்பிக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். தினமும் இரண்டு வேளை அவள் பெருக்குகிற இடம். ஆனால் பெருக்குகிறவள் தரையைத்தான் பார்ப்பாள், கட்டிலின் அடிப்பக்கத்தை யார் பார்ப்பது? சுவரோரமாக, வீட்டுக்காரர் படுக்கிற பக்கத்தில், குறுக்குச் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு தட்டையான துணிப்பை செருகியிருந்தது.

பார்த்த பிறகு சும்மா இருக்க அவளால் ஆகுமா? துடைப்பத்தை எட்டி எடுத்து, அதன் கட்டையால் பையை நெம்பினாள். முதல் தடவை பை அசையவே இல்லை. இரண்டாவது தடவை இடுப்பில் மின்னல் ஓடியது. மூச்சை விட்டு, கொஞ்சம் பொறுத்து, மூன்றாவது தடவை தட்டினாள். பை பொத்தென்று விழுந்தது. உள்ளே, காற்றுப்போன ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று. இடுப்பில் கட்டுகிற பட்டை ஒன்று, அதன் ஒட்டும் முனை தேய்ந்து நூல் தெரிந்தது. அடிவரைக்கும் சுருட்டிப் பிழிந்த வலிநிவாரணிக் களிம்பு ஒன்று. எட்டாக மடித்து, மடிப்பெல்லாம் பழுத்துப்போன ஒரு தாள். பிரித்தாள். நாலு படம். வேறு யாரோ வரைந்தவை, ஆனால் அதே முழங்கால், அதே இடுப்பு, அதே நாலு கால். மூலையில் தேதி போட்டிருந்தது. பதினோரு வருஷத்துக்கு முந்திய தேதி.

வீட்டுக்காரர் லீவு நாளில் தரையில்தான் படுப்பார். மத்தியானம் சாப்பிட்டதும் சுவரோரமாக நீட்டி நிமிர்ந்துவிட்டால் சாயங்காலம் வரை எழமாட்டார். அதனால் அவருக்கு அவள் வைத்த பெயர் மலைப்பாம்பு. சொந்தக்காரர்கள் வந்தால் அவரைத் தாண்டிப்போகும்போதே, மிதித்துவிடாதீர்கள், இரை எடுத்திருக்கிறது என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். சாயங்காலம் வரை வேறு வேலையும் இல்லை.

அவர் வந்து வேன் சாவியை ஆணியில் மாட்டியதும், பையைக் காட்டினாள்.

"இது யாரோடது?"

அவர் பையையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "என்னோடதுதான்."

"எத்தனை நாளா?"

"நாள் கணக்கெல்லாம் இல்ல. பதினோரு வருஷமாச்சு. வரும், போகும்."

"ஏங்க சொல்லல?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி யோசித்தார். எதையும் யோசித்துத்தான் சொல்வார், அதுவே அவளுக்கு எரிச்சல். "ஒரு தடவை சொன்னேனே. நீ பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தே. உட்கார்ந்துக்கிட்டே வேலை பாக்குறவங்களுக்குக்கூட முதுகு வலிக்குமான்னு கேட்டே. அதுக்கப்புறம் சொல்லத் தோணல."

அவளுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. ஆனால் அது அவள் சொன்னதுதான், சந்தேகமே இல்லை. அந்த வார்த்தையை அவளைத் தவிர வேறு யாரும் அப்படி வெடுக்கென்று சொல்லியிருக்க முடியாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வந்து ஆறு நாள் ஆகிறது, அவருக்குப் பதினோரு வருஷம்.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தைக்காகப் பதினோரு வருஷம் ஒருவர் வாயை மூடிக்கொள்வாரா என்று அவர் மேல் கோபம். பக்கத்தில் படுத்தவர் திரும்பிப் படுக்கும்போது மூச்சு அடைப்பதைக்கூடக் கேட்காத தன் காதின் மேல் அதைவிடக் கோபம். அன்று சாயங்காலம் முழுக்க, உப்பு எங்கே என்பதைத் தவிர இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மகள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தட்டோடு பால்கனிக்குப் போய்விட்டாள்.

காலையில் அவர் முகம் கழுவிவிட்டு வந்தபோது பம்பரம் சொன்னாள். "பாயை விரிங்க. ரெண்டு விரிங்க."

"எதுக்கு?"

"நாலு படமும் உங்களுக்குத் தெரியும்ல? எனக்கு மூணாவது சரியா வரல."

அவர் விரித்தார். அப்புறம்தான் மீதிக் கதையும் வெளியே வந்தது. அந்தத் தாள் கிடைத்த புதிதில் நாலு மாதம் ஒழுங்காகச் செய்திருக்கிறார், அவள் ஷிஃப்ட்டுக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு. வலியும் நன்றாகவே குறைந்திருக்கிறது. பிறகு அவளுக்குக் காலை ஷிஃப்ட் மாறிப் பகல் ஷிஃப்ட் வந்தது. அவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவளும் வீட்டில் இருந்தாள். விட்டுவிட்டார். பம்பரம் இதைக் கேட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தாள்.

அடுத்த வாரம் வந்த பிசியோ பெண், ஒரு நோயாளியைப் பார்க்க வந்து இரண்டு பேரைப் பார்த்தாள். பரண் கதையைக் கேட்டதும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் பம்பரம் பயிற்சி செய்வதை ஒரு நிமிஷம் பார்த்ததும் நிறுத்தச் சொன்னாள். பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டியதை அவள் மூன்று நொடியில் எண்ணி முடித்துவிடுகிறாள். இனிமேல் ஐயா எண்ணட்டும் என்று உத்தரவு போட்டாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள்.

"வலிச்சா எல்லாரும் நிறுத்திடுவாங்கக்கா. உங்களுக்கு வலிக்காதப்போ நிறுத்தத் தெரியணும். நேத்து நல்லா இருந்துச்சுன்னு இன்னிக்கு ரெண்டு மடங்கு செய்யாதீங்க. நேத்து செஞ்சதோட கொஞ்சம் மட்டும் கூட்டுங்க."

அவர் எண்ணத் தொடங்கினார். அது ஒரு தனி வேதனை. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். அவள் இடுப்பைத் தூக்கியபடி, எட்டு எட்டு என்று பல்லைக் கடிப்பாள். அவர் அவசரப்படாமல் எட்டுக்கு வருவார். மூன்றாம் நாளிலிருந்து மகள் இந்தக் காட்சிக்காகவே பத்து நிமிஷம் முன்னதாக எழுந்துகொண்டாள்.

நடைக்கு வீட்டு வாசலில் நீளமான வராந்தா இருந்தது. படிக்கட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நாற்பத்தொரு அடி. முதலில் ஐந்து நிமிஷம், அப்புறம் ஏழு, அப்புறம் பத்து. நேரம் முடிந்தால் போன் கத்தும். கத்தினால் எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். கால் இன்னும் ஒரு சுற்று கேட்கும். பக்கத்து வீட்டு வாசல் குப்பை கண்ணில் உறுத்தும். திரும்பிவிடுவாள். பதினாறாம் நாள் சட்டத்தை மீறி அந்தக் குப்பையைக் குனிந்து பொறுக்கினாள். சாயங்காலம் இடுப்பு அதற்குப் பதில் சொன்னது. ஒரு படி பின்னால் போய், மறுபடி ஏழு நிமிஷத்திலிருந்து ஆரம்பித்தாள். தொடைக்கு இறங்கிய வலி நாலாவது வாரம் தொடையை விட்டது. ஐந்தாவது வாரம் செருப்பைத் தானே மாட்டினாள். அது பெரிய விஷயம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஆறாவது வாரம் முடிந்து வேலைக்குப் போனபோது, இரண்டு வாரத்துக்கு மடிப்பு மேஜை மட்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். ஒப்பந்தப் பெண்ணை அப்போதுதான் முதலில் பார்த்தாள். நிஜமாகவே சுறுசுறுப்புதான். ஆனால் பத்து மணிக்குள் மூன்று தடவை அந்தப் பெண் சுவரில் சாய்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு, வலியெல்லாம் இல்லை அக்கா என்று அவசரமாகக் கையை எடுத்தாள். கட்டிலுக்கு அடியில் பையைச் செருகியவர் ஞாபகம்தான் வந்தது.

பம்பரம் அன்றைக்குத்தான் தள்ளுவண்டியை உற்றுப் பார்த்தாள். இடுப்பளவு ஆழம். துணியை மேலே போடுவது சுலபம், அடியில் கிடப்பதை எடுக்கத் தலைகீழாகத் தொங்க வேண்டும். பதினெட்டு வருஷம் தொங்கியிருக்கிறாள். சோப்புத் தூள் வந்த காலி டப்பாக்கள் இரண்டைக் கவிழ்த்து வண்டிக்குள் வைத்தாள். அதன்மேல் உடைந்த அலமாரியின் பலகையைப் போட்டாள். ஆழம் பாதியாகிவிட்டது. மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, இப்படி வைத்தால் பாதித் துணிதான் பிடிக்கும், ரெண்டு நடை ஆகுமே என்றார்.

"ஆகட்டும் சார்" என்றாள் பம்பரம். "என்னை நடக்கச் சொல்லித்தான் டாக்டர் அனுப்பியிருக்கார்."

முனகிக்கொண்டே போனார். அடுத்த மாதம் மற்ற இரண்டு வண்டிகளுக்கும் பலகை வந்துவிட்டது. யார் வைத்தது என்று அவர் விசாரிக்கவில்லை.

வீட்டுக்காரர் விஷயம்தான் இழுத்தது. டாக்டரிடம் வாருங்கள் என்றால், வரும், போகும் என்பார். கடைசியில் அவள் தனக்கென்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய், உள்ளே போனதும் அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். மருத்துவர் பார்த்துவிட்டு, பயிற்சியை விடாதீர்கள் என்றார், வேனில் இருக்கை எப்படி என்று கேட்டார். அது பரவாயில்லை என்றார் இவர். பம்பரம் நேராக வேனுக்குப் போய்ப் பார்த்தாள். இருக்கை ஒருபக்கம் குழிந்து, உள்ளே கம்பி உடைந்து கிடந்தது. குழியில் ஒரு சாக்கை மடித்து அடைத்திருந்தார்.

வேன் முதலாளியிடம் போகாதே என்று அவர் நூறு தடவை சொன்னார். அவள் போனாள். என்ன பேசினாள் என்பது முழுசாகத் தெரியவில்லை. உங்க வேன்ல பின்னாடி முப்பது பிள்ளைங்க உட்கார்ந்திருக்கு, முன்னாடி ஒருத்தர் சாக்குல உட்கார்ந்திருக்கார் என்று சொன்னதாக மகள் சொல்கிறாள். பத்து நாளில் புது இருக்கை வந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. உயரம் கூடிவிட்டது, கண்ணாடியில் பார்வை மாறிவிட்டது, பழைய இருக்கைக்கு உடம்பு பழகியிருந்தது என்று ஒரு வாரம் புலம்பினார். அடுத்த வாரம் புலம்பலை நிறுத்தினார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

போன மாதம் பம்பரத்துக்கு மறுபடி ஒரு தடவை பிடித்தது, மடிப்பு மேஜையில், தும்மியபோது. அன்று பாதி நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். கெண்டைக்காலை நாற்காலியில் வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தாள், எழுந்தாள், வராந்தாவில் ஐந்து நிமிஷம் நடந்தாள், மறுபடி படுத்தாள். மூன்றாம் நாள் காலை தோழிக்குப் போன் செய்து, நாளைக்கு வருகிறேன், இன்றைக்கே வரலாம்தான், ஆனால் வரமாட்டேன் என்றாள். பேசுவது பம்பரம்தானா என்று கேட்டாள் தோழி.